டிராக்டர் குழி தோண்டும் கருவி

டிராக்டர் குழி தோண்டும் கருவி என்பது வேலிக்கால் நடவும் மரக்கன்று வைக்கவும் வட்டமான குழி எடுக்கும் பண்ணைக் கருவியாகும். இது டிராக்டரின் பின்புறமுள்ள மும்முனை இணைப்பில் பொருத்தப்படுகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் பி.டி.ஓ. தண்டின் வேகத்தைக் கியர் பெட்டி குறைத்து, செங்குத்தாக நிற்கும் திருகு வடிவத் துளைப்பானுக்குக் கொடுக்கிறது. வேலிக்கு 9 அல்லது 12 அங்குல விட்டம் போதும். மரக்கன்றுக்கு 18, 24 அங்குலத் துளைப்பான்கள் உண்டு. ஆழம் பொதுவாக 3 அடி.

இளகிய மண்ணில் ஒரு குழிக்குச் சில நிமிடங்களே ஆகும். கோடையில் இறுகிய செம்மண்ணிலும் சுக்கான்கல் படிந்த நிலத்திலும் துளைப்பான் இறங்காமல் மேலேயே சுற்றும். பெரும்பாலான டிராக்டர்களின் ஹைட்ராலிக் அமைப்பு கருவியைத் தூக்குமே தவிரக் கீழே அழுத்தாது. துளைப்பான் தன் எடையாலும் நுனித் திருகின் பிடிப்பாலும்தான் இறங்குகிறது.

எடை போதவில்லை என்று கருவியின் மேல் ஆளை ஏறி நிற்கச் சொல்வது உயிரோடு விளையாடுவதாகும். பி.டி.ஓ. தண்டு நொடிக்கு 9 முறை சுற்றுகிறது. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் விடுவிக்க நேரமே இராது. தண்டின் மூடி இல்லாத கருவியை இயக்கவே கூடாது.

எடைக்குப் பதிலாகத் தண்ணீரை நம்பலாம். குறித்த இடத்தில் கடப்பாரையால் சிறு பள்ளம் போட்டு, முதல் நாள் மாலையே நீர் ஊற்றி ஊறவிட வேண்டும். மழை பெய்து சில நாள் கழித்துத் தோண்டுவது இன்னும் எளிது. தேய்ந்த வெட்டுப் பற்களை மாற்றுவதும், முதலில் சிறிய துளைப்பானால் தோண்டிப் பிறகு அகலப்படுத்துவதும் பயன் தரும். வேகத்தைக் குறைத்து, அரையடிக்கு ஒருமுறை தூக்கி மண்ணை உதற வேண்டும்.

துளைப்பான் கல்லில் சிக்கினால் பாதுகாப்பு போல்ட் உடைந்து கியர் பெட்டியைக் காக்கும். அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்டைப் போடுபவர்கள் பின்னர் கியருக்குச் செலவழிக்கிறார்கள். சிக்கியதை ஹைட்ராலிக்கால் இழுக்காமல், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பைப் ரெஞ்சால் எதிர்த்திசையில் திருக வேண்டும்.

களிமண்ணில் குழியின் சுவர் மெழுகியது போல் வழவழப்பாகிவிடும். கன்றின் வேர் அதை எளிதில் துளைக்காது. கடப்பாரையால் சுவரைக் கொத்திவிட்டே நட வேண்டும். அடியில் பாறையே இருந்தால் இக்கருவி உதவாது. அங்கே வேலிக்காலைச் சற்றுத் தள்ளி நடுவதுதான் மலிவான வழி.