யார் ஓட்டிய இன்னோவா?

வீட்டில் ஏழு பேர். வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கோயில், ஒருமுறை திருப்பதி, நடுவில் வெளியூர்க் கல்யாணங்கள். எல்லாரும் ஒரே வண்டியில் போக வேண்டும், புது வண்டிக்குப் பணம் பத்தாது. இப்படிப் பழைய வண்டி தேட இறங்கும் குடும்பங்களின் வாயில் தமிழ்நாட்டில் முதலில் வரும் பெயர் இன்னோவா. பெயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயரை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து.

டொயோட்டா 2000-இல் குவாலிஸைக் கொண்டுவந்தது. 2005-இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவை இறக்கியது. 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், தனி சேஸிஸ் மேல் உட்கார்ந்த பாடி, பின்சக்கர இழுவை. ஆள் நிரம்பி, மேலே கேரியரில் மூட்டை ஏற்றினாலும் ஏற்காட்டு மலைப்பாதையில் திணறாமல் ஏறும். 2016-இல் வந்த கிரிஸ்டாவில் இன்ஜினே மாறியது. பழைய இன்ஜின் 102 குதிரைத்திறன் என்றால் கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் இன்ஜின் 150. விலையும் அதற்கேற்ப ஏறி நிற்கிறது.

இந்த உழைப்புக்காகவேதான் டிராவல்ஸ்காரர்கள் இன்னோவாவை விரும்பி வாங்கினார்கள். நாளுக்கு 200 கி.மீ. ஓடினாலே வருஷத்துக்கு 70,000 கி.மீ. தாண்டிவிடும். ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்னோவா இன்ஜின் பிரிக்காமலேயே மூன்று நான்கு லட்சம் கி.மீ. ஓடுவது சாதாரணம். அவ்வளவு ஓடி முடித்த வண்டியும் பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி, மீட்டரைக் குறைத்து, 'ஃபேமிலி யூஸ்' என்று சொல்லி விற்பனைக்கு வந்து நிற்கும். டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது தெரிந்தவர்களுக்குப் பெரிய வேலையில்லை. ஆகவே எந்த வருஷ மாடல் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இதை யார், எதற்காக ஓட்டினார்கள் என்பது.

ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர் என்று பாருங்கள். மஞ்சள் போர்டாக இருந்து வெள்ளைக்கு மாற்றிய வண்டியா என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படி மாற்றுவது சட்டப்படி சரிதான், மறைப்பதுதான் தவறு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேட்டால், வண்டி உள்ளே வந்த தேதியும் அன்றைய கிலோமீட்டரும் வரிசையாகத் தெரிந்துவிடும். விவரத்தைக் காட்ட விற்பவர் தயங்கினால் நான் அந்த வண்டியை மேற்கொண்டு பார்க்கவே மாட்டேன்.

காகிதம் சொல்லாததை வண்டியின் உள்பக்கம் சொல்லும். டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருக்கிறதா, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா என்று பலரும் பார்ப்பார்கள். மூன்றாவது வரிசையையும் பாருங்கள். குடும்ப வண்டியில் கடைசி சீட் எப்போதாவதுதான் நிரம்பும். அதன் பெல்ட் பக்கிள், ஏறும்போது பிடிக்கும் கைப்பிடி, கால் வைக்கும் இடம் எல்லாம் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். வாடகைக்கு ஓடிய வண்டியில் மூன்று வரிசையும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். சீட் கவர் மாற்றுகிறவர்கள் இதையெல்லாம் மாற்றுவதில்லை.

இன்ஜினைக் காலையில், ஆறிய நிலையில் பாருங்கள். நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சுட்டால், சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சர் பக்கம் ஒருவர் நிற்கட்டும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரையோ டர்போவையோ பார்க்க வேண்டியிருக்கலாம். பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். லேசாக ஆவி வந்தால் பயமில்லை. குபுகுபுவென்று அடித்துக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து அழுத்தம் கீழே இறங்குகிறது. இன்ஜின் பிரிக்கும் செலவு பக்கத்தில் வந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியைப் போல லாபமான செலவு இந்த வியாபாரத்தில் வேறில்லை.

பழைய 2.5 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கி.மீ. வாக்கில் அதை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே வீணாகும். கிரிஸ்டாவில் பெல்ட்டுக்குப் பதில் செயின்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் வெள்ளம். மூழ்கி எழுந்த வண்டியைக் கழுவி, கார்ப்பெட் மாற்றி, வாசனை அடித்து நிறுத்திவிடலாம். சீட் பெல்ட்டை மட்டும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கறை படிந்திருந்தால் விலை பேசவே வேண்டாம். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்திலும் திருகுகளிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊர் வண்டி என்றால் சேஸிஸையும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு அரை மணி நேரமாவது கடைசி சீட்டில் உட்காருங்கள், அதுவும் மத்தியானத்தில். பின் ஏ.சி. அங்கே வரை குளிர் தருகிறதா, பள்ளத்தில் இறங்கினால் பின் ஷாக் அப்சார்பர் தட்டுகிறதா என்பது முன்சீட்டில் தெரியாது. வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் அவர்களை அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். இன்னோவா உயரமான வண்டி.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில். அதற்கு முந்தைய வண்டிகளின் கீழ்நிலை வேரியண்டுகள் பலவற்றில் இரண்டுமே கிடையாது. இரவு நான்குவழிச் சாலையில் ஏழு பேருடன் போகிற வண்டி இது. அலாய் வீலும் டச் ஸ்கிரீனும் இல்லாவிட்டால் குடி முழுகாது. வருஷம் இரண்டு பழையதானாலும் ஏர்பேக், ஏ.பி.எஸ். உள்ள வேரியண்டைத் தேடுங்கள்.

பெரும்பாலும் ஐந்து பேர், எப்போதாவது கூட இரண்டு குழந்தைகள் என்றால் 2012-இல் வந்த எர்டிகாவே போதும். விலையும் பராமரிப்பும் குறைவு. டவேரா மலிவாகக் கிடைக்கும், ஆனால் செவர்லே 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. வெளியூரில் நின்றுபோனால் பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

காகிதங்களில் கடன் நிலுவை, நிற்கும் அபராதங்கள் இரண்டையும் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள். படிவம் 29, 30-இல் விற்பவரின் கையெழுத்து வாங்காமல் முழுப்பணம் தர வேண்டாம். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டியென்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

கையில் இருப்பதை மொத்தமாக வண்டி விலைக்கே கொடுத்துவிடாமல் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், பெல்ட்டுகள், ஹோஸ்கள் எல்லாம் வாங்கிய வாரமே மாறட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருஷம் ஆன டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். திருப்பதிக்குக் கிளம்பும் முன், முழு ஆட்களோடு 200 கி.மீ. அளவில் ஒருநாள் ஊர் போய் வாருங்கள். திரும்பியதும் டெம்பரேச்சர் முள், பிரேக், வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டு மூன்றையும் பாருங்கள். ஏதாவது தென்பட்டால் சொந்த ஊர் மெக்கானிக்கிடமே காட்டிச் சரிசெய்துவிடலாம்.