வானம் பார்த்த கணக்கு – 12: ஐப்பசி ஈரம்

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பதும், தள்ளிப்போவதும் டெல்டாவின் ஓராண்டை எப்படிப் புரட்டிப் போடுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். தண்ணீர் நாள் தவறாமல் வந்து, கடைமடை வரை பாய்ந்து, குறுவையும் நன்றாக விளைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அறுப்பு முடிந்த பிறகு களத்தில் ஒரு கண்டம் காத்திருக்கிறது.

குறுவை ரகங்களின் வயது 105 முதல் 120 நாள். ஜூன் தண்ணீரில் நாற்றுவிட்டவர்களுக்குப் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் அறுப்பு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்தப் பருவத்தில்தான் கொட்டுகிறது. நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேலே. நெல் முற்றும் நாளும் வானம் திறக்கும் நாளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

அரசு கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே விதி. பஞ்சாபிலும் அக்டோபரில்தான் நெல் அறுக்கிறார்கள். ஆனால் அங்கே தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் கடைசியிலேயே விலகத் தொடங்கி, அறுப்பு நேரத்தில் பெரும்பாலும் வெயிலும் வறண்ட காற்றும் கிடைத்துவிடும். அதே அக்டோபரில் மன்னார்குடியில் வெளியே காயப்போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கும். இரண்டு ஊருக்கும் ஒரே அளவுகோல் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கையறுப்புக் காலத்தில் அறுத்த அரியை வயலிலேயே வெயிலில் கிடக்கவிட்டுத்தான் கட்டுக் கட்டினார்கள். நெல் பாதி அங்கேயே காய்ந்துவிடும். இப்போது மெஷின் நிற்கும் பயிரை அறுத்த கையோடு நெல்லாகக் கொட்டிவிடுகிறது. ஆள் கிடைக்காத ஊரில் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் 20, 25 சதவீத ஈரத்தோடு நெல் அப்படியே டிராக்டரில் ஏறுகிறது. மழை பெய்த வயலில் டயர் வண்டி இறங்காது. வாடகை கூடுதலான செயின் வண்டிதான் வரவேண்டும். சாய்ந்த பயிரில் அது ஊர்ந்து போகும். வாடகையோ மணிக்கணக்கு.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் குவியலின் உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி, ஈரம் பார்க்கும் மெஷினில் போடுகிறார். பதினெட்டு.

“காலையில பதினேழுதாங்க சார் காட்டிச்சு.”

“நான் என்னங்க பண்றது, ரெண்டு நாள் காயவெச்சுக் கொண்டாங்க.”

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. நெல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால், நன்றாகக் காய்ந்த நெல்கூட மெல்ல மெல்ல 17, 18 சதவீதத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். அடைமழை நாளில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சொட்டு படாமல் காப்பாற்றினாலும் இதுதான் கதி. மூடிய குவியலுக்குள் கைவிட்டால் சுடும். ஈரநெல் மூச்சுவிடுகிறது, அந்தச் சூட்டில் பூஞ்சணம் பிடிக்கும், அரிசி பழுக்கும், ஓரத்தில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதனால் பகல் முழுக்க, மழை விட்ட நேரமெல்லாம் தார்ப்பாயை விலக்கி, பெண்கள் காலால் அளைந்து அளைந்து நெல்லைத் திருப்பிவிடுகிறார்கள். தூறல் விழுந்ததும் ஓடிவந்து மறுபடி மூடல். சாலையின் ஒரு பாதி நெல்லுக்கு என்று ஆகிவிடுகிறது. இரவில் வீட்டுக்கு ஒருவர் மூட்டையோரம் காவல் படுக்கிறார். குறுவைக்குப் பின் வரும் தாளடி நடவுக்கு வயலில் நிற்கவேண்டிய ஆள் அவர். தீபாவளி நெருங்கும், நகைக்கடன் வட்டி ஓடும், நெல் பணமாகாது.

ஒவ்வொரு முறையும் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகிறது, மத்தியக் குழு வருகிறது, மாதிரி எடுத்துச் செல்கிறது. உத்தரவு வருவதற்குள் முளைக்கவேண்டியது முளைத்துவிடுகிறது. 2022 முதல் கொள்முதல் பருவத்தை அக்டோபருக்குப் பதில் செப்டம்பர் 1-ஆம் தேதியே தொடங்குவது நல்ல மாற்றம். முன்னால் அறுப்பவர்களுக்கு அது உதவுகிறது. தளர்வும் வேண்டியதுதான். ஆனால் ஈரநெல்லை வாங்கி அடுக்கினால் சேதம் விவசாயியின் களத்திலிருந்து அரசுக் கிடங்குக்கு இடம் மாறும், அவ்வளவே. பழுத்த அரிசி கடைசியில் ரேஷன் கடைக்கு வரும். வெயிலை நம்ப முடியாத மாதத்தில் அறுக்கும் ஊருக்கு வெயில் இல்லாமல் உலர்த்தும் வசதி வேண்டும். கொள்முதல் நிலையத்துக்குக் கூரை போட்ட சிமெண்டுக் களமும், பக்கத்துப் பக்கத்து நிலையங்களுக்குப் பொதுவாகச் சூடான காற்றில் நெல்லை உலர்த்தும் இயந்திரமும் இருக்கவேண்டும். நெல்லை வாங்குவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையாக எனக்குத் தோன்றவில்லை.

தை அறுப்பு என்றால் இந்தப் பயம் இல்லை என்றுதான் சம்பாக்காரர்கள் நம்பியிருந்தார்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்கு நின்ற சம்பா மேல் மழை கொட்டியது. அப்போது 20 சதவீத ஈரம் வரை வாங்க மத்திய அரசு அனுமதித்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று மாநில அரசு அறிவித்தது. ஆனால் டெல்டாவில் சம்பா அறுப்பதற்குப் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, அந்த ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவார்கள். நெல்லுக்குப் பின் கைச்செலவுக்கு வருகிற காசு அதுதான். தேங்கிய நீரில் அந்த உளுந்தும் அழுகிப்போனது. உளுந்தின் கதை அடுத்த வாரம்.