பேயா? நோயா? – இரு சந்திரமுகிகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. நான்கே சொற்கள். பேய் வெளியில் இல்லை, அரண்டவன் கண்ணில்தான் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? இந்தப் பழமொழியை இரண்டரை மணி நேரப் படமாக விரித்துக் காட்டியது ‘சந்திரமுகி’. அதே பழமொழியை மறுத்துக் காட்டியது ‘சந்திரமுகி 2’. இவ்விரண்டையும் எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரி மலரில் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1914ஆம் ஆண்டிலேயே சாமிக்கண்ணு வின்சென்ட் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான திரையரங்கைக் கட்டிய ஊர் நம் கோவை. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இருந்த மண் இது. எங்கள் வீட்டில் புத்தகம் என்று ஒன்று நுழைந்தது நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான். சினிமாவோ அதற்கு வெகு காலம் முன்பே நுழைந்துவிட்டது. எழுத்தறியாத வீடுகளுக்கு எது பாடம் சொல்கிறதோ, அது சொல்வது சரியா தவறா என்று பார்ப்பது படித்தவர்களின் கடமையல்லவா?

முதல் சந்திரமுகி

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளன்று சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பில், பி. வாசு இயக்கத்தில் ‘சந்திரமுகி’ வெளிவந்தது. ரஜினிகாந்த், ஜோதிகா, பிரபு, நயன்தாரா, வடிவேலு ஆகியோர் நடித்தனர். வித்யாசாகர் இசையமைத்தார். சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைக் கடந்து ஓடியது. நான் பிறந்த ஆண்டும் அதுவே என்பதால், இந்தப் படமும் நானும் ஒன்றாக வளர்ந்தோம் என்று சொல்லலாம். பண்டிகைக்குப் பண்டிகை தொலைக்காட்சியில் பார்த்தே எனக்கு அது மனப்பாடம்.

இதன் வேர் கேரளத்தில் இருக்கிறது. மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கி 1993இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படமே மூலம். அதில் நடித்த ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். அக்கதையைப் பி. வாசு 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆக்கினார். அடுத்த ஆண்டு தமிழுக்குக் கொண்டுவந்தார். 2007இல் பிரியதர்ஷன் ‘பூல் புலையா’ என்று இந்தியில் எடுத்தார்.

கதையை நாடறியும். வேட்டையபுரம் அரண்மனை. அரசன் வேட்டையனால் காதலனை இழந்து, தானும் எரிக்கப்பட்ட நாட்டியக்காரி சந்திரமுகி. பூட்டிய அறையைத் திறந்துவிடுகிறாள் புது மருமகள் கங்கா. அதன்பின் வீட்டில் விபரீதங்கள் நடக்கின்றன. எல்லோரும் ‘பேய்’ என்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மனநல மருத்துவர் சரவணன் ஒருவர் மட்டும் ‘நோய்’ என்கிறார்.

அறிவியல் மாணவனின் கண்ணுக்கு இந்தப் படத்தின் சிறந்த காட்சி சண்டையும் அல்ல, நடனமும் அல்ல. கங்கா கட்டிலைத் தூக்கி நிறுத்தும் காட்சிதான். அவள் வெளியே கிளம்பும்போது தடுக்கச் சொல்லிக் கணவன் செந்திலிடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார் சரவணன். கணவன் தடுக்கிறான். அடுத்த நொடியே அவள் வேறொருத்தியாகிறாள். பெயர் சொல்லி உலுக்கியதும் பழையபடி கங்கா ஆகிவிடுகிறாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. எண்ணிப் பாருங்கள்! முதலில் ஒரு கருதுகோள், பிறகு அதைச் சரிபார்க்க ஒரு சோதனை, அதன்பின் உற்றுநோக்கல், கடைசியில் முடிவு. நம் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதுகிற அதே வரிசை! பேய்ப்படம் என்று எண்ணிக் கொட்டகைக்குள் போன கூட்டத்துக்கு, அறிவியல் முறையைக் கைதட்ட வைத்துக் கற்பித்துவிட்டார்கள்.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. அவ்வப்போது நெளிந்து செல்லும் அந்தப் பெரிய பாம்புக்கு மனநல மருத்துவத்தில் விளக்கம் கிடையாது. எதிரில் நிற்பவர் மனத்தில் நினைப்பதையெல்லாம் சரவணன் சொல்லிவிடுவதும் எந்த மருத்துவக் கல்லூரியிலும் கற்பிக்கப்படுவதில்லை. வேட்டையன் வேடமிட்டு, பொம்மையை எரிக்கச் செய்து ஒரே இரவில் குணப்படுத்துவதும் நாடகத்துக்குப் பொருந்துமே தவிர, சிகிச்சைக்குப் பொருந்தாது. படம் ‘பிளவுபட்ட ஆளுமை’ என்று சொல்வதை, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ‘பன்முக ஆளுமைக் கோளாறு’ என்று பெயரிட்டுச் சேர்த்தது. 1994இல் ‘விலகல் அடையாளக் கோளாறு’ என்று பெயர் மாற்றியது. இதற்குப் பொறுமையான, நீண்ட கால உளவியல் சிகிச்சையே வழி. ஆயினும் விவரங்களில் பிழை செய்தாலும், திசையில் படம் பிழை செய்யவில்லை. பேயன்று, நோய் என்ற ஒரே புள்ளியில் உறுதியாக நின்றது.

சிரிப்பு எங்கிருந்து வந்தது?

வடிவேலுவின் முருகேசனை மறக்க முடியுமா? அரண்மனைக்குள் காலடி வைப்பதற்கே நடுங்குகிறார். சரவணன் அவரை மேலும் பயமுறுத்தி வேடிக்கை பார்க்கிறார். நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஏன் சிரிக்கிறோம்? அவர் பயப்படுகிற பொருள் அங்கே இல்லை என்பதால்தான். கயிற்றைக் கண்டு பாம்பென்று அலறுபவனைப் பார்த்தால் சிரிப்பு வரும். உண்மையான பாம்பைக் கண்டு அலறுபவனைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? ஆகவே முதற்படத்தில் நகைச்சுவை தனியாக ஒட்டவைத்த பகுதியன்று. ‘பயம் வெறும் பயமே’ என்ற கருத்தைச் சிரிப்பின் வழியே சொல்லுகிற பகுதி அது.

இரண்டாம் சந்திரமுகி

18 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 28 அன்று ‘சந்திரமுகி 2’ வந்தது. இயக்குநர் அதே பி. வாசு, தயாரிப்பு லைக்கா. ராகவா லாரன்ஸ், கங்கனா ரனாவத், ராதிகா, லட்சுமி மேனன் நடித்தனர். வடிவேலு மறுபடியும் முருகேசனாக வந்தார். ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்காக அதே ஆண்டு மார்ச் மாதம் ஆஸ்கர் பெற்ற எம். எம். கீரவாணி இசை. காலாண்டு விடுமுறையில் நண்பர்களோடு டவுன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

தொல்லைகளால் துன்புறும் ஒரு பெரிய குடும்பம், குலதெய்வக் கோயிலைப் புதுப்பித்து வழிபட வருகிறது. அருகிலுள்ள வேட்டையபுரம் அரண்மனையிலேயே தங்குகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணொருத்தியின் உடலில் சந்திரமுகி புகுகிறாள். பாண்டியன் என்ற நாயகனுக்குள் வேட்டையன் புகுகிறான். பழைய வேட்டையனின் இளமைக் கதை, செங்கோட்டையன் என்ற வீரனின் கதையாக விரிகிறது. முதற்படத்தில் ஓவியமாகவும் கங்காவின் உடல்மொழியாகவும் மட்டுமே நாம் அறிந்த நாட்டியக்காரி, இதில் கங்கனாவின் உருவில் நேரில் வருகிறாள்.

வேட்டையனுக்கு ஒரு முன்கதை தேடியது நல்ல முயற்சியே. லாரன்ஸின் உழைப்பையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாய் நிற்கிறது. முதற்படத்தின் முடிவுப்படி சந்திரமுகி என்றொரு ஆவி இருந்ததே இல்லை. இருந்தது கங்காவின் மனத்தில். கங்கா குணமாகிவிட்டாள். அப்படியிருக்க, இல்லாத ஆவி இரண்டாம் முறை எங்கிருந்து வந்தது? முதற்படம் கண்ட விடையே இரண்டாம் படத்துக்குத் தடை. அந்தத் தடையைச் சுற்றிப் போக வழி தேடாமல், விடையையே அழித்துவிட்டார்கள். இங்கே ஆவி உண்மை. அதைக் கண்டறிய ஒரு சரவணன் தேவையில்லை. அதனால் அவருக்கு ஈடான ஒருவரும் இல்லை.

இதனால் முதலில் அடிபட்டது முருகேசன்தான். பேய் உண்மையென்றால், பேய்க்கு அஞ்சுபவன் கோமாளியல்லன். அந்த வீட்டிலேயே அறிவாளி அவன்தான்! அவரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? வடிவேலு அதே முகபாவங்களைத்தான் காட்டுகிறார். திரையரங்கில் அன்று சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கேட்டது. நடிகரிடம் குறையில்லை. அவர் நின்றிருந்த தரையை உருவிவிட்டார்கள்.

பேயே கூடாதா?

பேய்ப்படமே கூடாது என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். நம் கொங்கு மண்ணைச் சேர்ந்த கோவை சரளாவை எடுத்துக்கொள்ளுங்கள். லாரன்ஸ் இயக்கிய ‘முனி’ 2007இலும் அதன் தொடர்ச்சியாகக் ‘காஞ்சனா’ 2011இலும் வந்தன. இரண்டிலும் பேய் உண்மை. ஆனால் ‘காஞ்சனா’ முதற்படத்தை மிஞ்சியது என்றே சொல்வேன். இருட்டினால் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடிக்கும் வீரன், அவனுக்கு அம்மாவாகக் கோவை சரளா! விழுந்து விழுந்து சிரித்த கூட்டம், சரத்குமார் ஏற்ற திருநங்கை வேடத்தின் துயரம் வந்ததும் மௌனமானது. கேலிக்கு மட்டுமே ஆளான ஒரு கூட்டத்தாரின் நியாயம் பேயின் வாயால் பேசப்பட்டது. அங்கே தொடர்ச்சி மூலத்தை மறுக்கவில்லை. மூலம் தொடாத ஒன்றைத் தொட்டது.

இதுவே என் அளவுகோல். இரண்டாம் பாகம் முதற்பாகத்தைப் போலவே இருக்க வேண்டியதில்லை. அது சொன்னதை மேலே கொண்டு செல்ல வேண்டும்; குறைந்தபட்சம் பொய்யாக்காமலாவது இருக்க வேண்டும். வசூல் வேறு கணக்கு. இந்தியில் 2022இல் வந்த ‘பூல் புலையா 2’ படமும் இதேபோல் ஆவியை உண்மையாக்கியது. பெரும் வெற்றியும் பெற்றது. பணம் வந்ததால் விடை சரியென்றாகிவிடாது.

திரைக்கு வெளியே

ஒரு படத்துக்கு இவ்வளவு வாதமா என்று கேட்கலாம். என் அம்முச்சி கையெழுத்துப் போடத் தெரியாதவர்; அவருக்குப் பெருவிரல்தான். தொலைக்காட்சியில் ‘சந்திரமுகி’ பார்த்துவிட்டு ஒருநாள், “அந்தப் புள்ளைக்குப் பேயும் இல்ல, பிசாசும் இல்ல கண்ணு. அது மனசுல வந்த சீக்கு” என்றார். சில ஆண்டுகள் கழித்து எங்கள் வீதியில் ஓர் அக்காவுக்குப் பிள்ளை பிறந்த சில நாட்களில் தூக்கம் போயிற்று, பேச்சு மாறிற்று, பெற்ற பிள்ளையையே யாருடையது என்று கேட்டார். காத்து கருப்பு அண்டிவிட்டது என்று உடுக்கையும் வேப்பிலையும் வந்தன. இரண்டு இரவுகள் அந்த அக்காவின் அலறல் எங்கள் வீடு வரை கேட்டது. மூன்றாம் நாள் அம்முச்சிதான் போய் நின்றார். “அடிக்கறத நிறுத்துங்க சாமி. சினிமாவுல டாக்டரு சொன்னாரல்ல, இது சீக்குன்னு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். போனார்கள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனநோய் என்றார் மருத்துவர். சில மாதங்களில் அக்கா தேறினார். இன்று பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுத் தறிக்குப் போகிறார்.

எல்லோருக்கும் அப்படி ஓர் அம்முச்சி வாய்ப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. மனநலம் குன்றியவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்கிறது. சட்டம் சங்கிலியை அவிழ்க்கும். ஆனால் ‘இது பேய்’ என்ற எண்ணத்தை எந்தச் சட்டம் அவிழ்க்கும்? அதைக் கதைதான் அவிழ்க்க வேண்டும். முதல் ‘சந்திரமுகி’ சிறிதளவேனும் அவிழ்த்தது.

இரண்டாம் பாகம் தொலைக்காட்சியில் வந்தபோது அம்முச்சியும் பார்த்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “ஏங் கண்ணு, அப்ப அது நெசமாலுமே பேய்தானா? அன்னிக்கு டாக்டரு சொன்னது பொய்யா?” என்று கேட்டார். இந்தப் படத்துக்கு எத்தனையோ விமரிசனங்கள் வந்தன. இதைவிடக் கடுமையான ஒன்றை நான் கேட்கவில்லை. “அன்னிக்குச் சொன்னதுதான் நெசம் அம்முச்சி, இவங்க கதைக்காக மாத்திட்டாங்க” என்றேன். “கதைக்காக மாத்தறதுக்கு இதா கெடைச்சுது?” என்றார்.

முடிவுரை

ஆகவே, ‘சந்திரமுகி 2’ முதற்படத்துக்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு என் விடை: ஆகாது. நடிப்பில் குறைந்ததால் அன்று. செலவில் குறைந்ததாலும் அன்று. முதற்படம் அரும்பாடுபட்டு நிறுவிய உண்மையைத் தொடராமல், அதைத் துடைத்துவிட்டு, பழைய பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதால்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதற்பட்டதாரிகள் ஆகப் போகிறோம். நம் ஊரில், நம் உறவில் யாரேனும் ஒருவர் திடீரென்று வேறு குரலில் பேசினால், கூட்டம் நம் முகத்தைத்தான் பார்க்கும். “நீதான் படிச்ச புள்ளையாச்சே, நீ சொல்லு” என்பார்கள். அப்போது நம் வாயிலிருந்து வர வேண்டிய சொல் ‘நோய்’ என்பது. அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இன்றே உங்கள் கைபேசியில் பதிந்து வையுங்கள். உடுக்கைக்காரருக்கு ஆள் அனுப்பும் முன் அது நினைவுக்கு வரட்டும்.