கோல் போட்டவர் பெயர் மட்டும்தானா?

ஹாக்கி பற்றிப் பேச்சு எடுத்தாலே எங்கள் ஒத்தக்கடைப் பக்கம் முதலில் வரும் கேள்வி, "எத்தனை கோல் போட்டிருக்கான்?" 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோதும் இதே பேச்சுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்தே பையன்களை அணியில் எடுப்பதும் கழிப்பதும் நடக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்கிற கல்லூரி சீட்டும் வேலையும் அதில்தான் தொங்குகின்றன. அதனால் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். வெண்கலம் வென்ற இந்தியா போட்டது மொத்தம் 15 கோல். அதில் 10 ஹர்மன்பிரீத் சிங் போட்டவை. பட்டியலை மட்டும் பார்த்தால் மற்றவர்கள் சும்மா ஓடினார்களோ என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தில் 7 பெனால்டி கார்னர், 3 பெனால்டி ஸ்ட்ரோக். ஓடும் ஆட்டத்தில் போட்டது ஒன்றுகூட இல்லை.

அவரைக் குறைத்துப் பேசவில்லை. டிராக் ஃப்ளிக் லேசுப்பட்ட வித்தையா என்ன! ஆனால் கார்னர் தானாக வராது. பெரும்பாலும் ஒரு ஃபார்வர்டு 'டி'க்குள் புகுந்து, எதிராளியின் காலில் பந்தைப் பட வைத்து வாங்கித் தருவது அது. பிறகு எல்லைக் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார். இன்னொருவர் 'டி'க்கு வெளியே அதை நிறுத்துகிறார். நிறுத்தும்போது பந்து கொஞ்சம் துள்ளினாலும் ஃப்ளிக் காலி. கோல் விழுந்தால் பெயர் ஒருவருக்குத்தான். சரி, கோலை விட்டுவிட்டு கார்னர் சதவீதத்தைப் பார்ப்போமே என்றால், அதற்குள்ளும் தள்ளியவரும் நிறுத்தியவரும் கலந்தே இருக்கிறார்கள்.

தற்காப்பில் சிக்கல் இன்னும் பெரிசு. பாரிஸில் அமித் ரோஹிதாஸ் போட்ட கோல் பூஜ்ஜியம். அவர் வேலை வேறு. எதிரணி கார்னர் எடுக்கும்போது கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து ஃப்ளிக் அடிப்பவரை நோக்கி ஓட வேண்டும். பந்து உடம்பில் பட்டால் பட்டதுதான். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. மீதி 40 நிமிடத்துக்கு மேல் பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று முடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என ஜெயித்தார்கள். தடையால் அரையிறுதியில் அவர் இல்லை. ஜெர்மனி போட்ட முதல் கோலே பெனால்டி கார்னரில்தான் வந்தது. 3-2 எனத் தோற்றோம். அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா? யாரும் நிரூபிக்க முடியாது. அவர் பாய்ந்து வருவதைப் பார்த்து ஒருவர் கோணம் மாற்றி வெளியே அடித்துவிட்டால், அந்தத் தடுப்பு யார் கணக்கில் ஏறும்?

பனி ஹாக்கிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ப்ளஸ்-மைனஸ். ஒருவர் களத்தில் இருக்கும்போது தன் அணி போட்ட கோலைக் கூட்டி, வாங்கிய கோலைக் கழிப்பது. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பின்னால் நல்ல கோல்கீப்பர் நின்றால் சுமாரான ஆளுக்கும் எண் ஏறிவிடும்; சொத்தை அணியில் மாட்டிய நல்ல ஆட்டக்காரனுக்கு மைனஸ்தான் மிஞ்சும்.

எங்கள் தெருவில் ஒரு பையன் ஹாஃப் பேக் ஆடுகிறான். பந்தைப் பறித்து, நிமிர்ந்து பார்த்து, சரியான ஆளுக்குக் கொடுப்பான். சமீபத்தில் ஒரு தேர்வுக்குப் போனான். படிவத்தில் 'கோல்கள்' என்று ஒரு கட்டம் இருந்ததாம், பறித்த பந்துகளுக்குக் கட்டம் இல்லையாம். எடுக்கவில்லை.

"இனிமே ஃபார்வர்டு ஆடிக்கிறேண்ணே" என்கிறான்.