டெலிவரி 'பார்ட்னர்'னா பங்குதாரரா?

மழையில் நனைந்தபடி பிரியாணி பார்சலோடு வாசலில் நிற்கிறவருக்கு எத்தனை பெயர்கள்! வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் 'டெலிவரி பையன்'. (பையனுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கலாம்.) ஆப் நிறுவனத்துக்கு 'பார்ட்னர்'. சங்கத்துக்காரர்களுக்குத் 'தொழிலாளி'. கூப்பிடுற பேர்ல என்ன இருக்கு என்று தோன்றலாம். ஆனால், வண்டி சறுக்கி கால் உடைந்தால் ஆஸ்பத்திரி செலவு யார் தலையில் என்பதே அந்தப் பேரைப் பொறுத்ததுதான்.

நம்ம ஊர் கடைத்தெருவில் பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு உள்ளவர். 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டமும் லாபப் பங்கீட்டைத்தான் அடிப்படையாக வைக்கிறது. டெலிவரி பார்ட்னருக்கு அந்தப் பங்கு கிடையாது. பெட்ரோல் செலவு மட்டும் அவருடையது. நிறுவனங்களின் விளக்கம் வேறு: விரும்பிய நேரத்தில் லாகின் செய்கிறவர் சுயதொழில் செய்பவர், ஊழியர் அல்ல. ஊழியர் இல்லையென்றால் பி.எஃப், இ.எஸ்.ஐ எதுவும் இல்லை. காலேஜ் முடிந்து சாயங்காலம் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கலாம். இதை நம்பியே குடும்பம் நடத்துகிறவருக்கு அப்படி இல்லை.

பிரிட்டனில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊபர் டிரைவர்கள் தொழிலாளர்களே என்று 2021 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை வைத்து நீதிபதிகள் முடிவெடுக்கவில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது யார், சவாரியை மறுத்தால் என்ன ஆகும், ரேட்டிங் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். எல்லாப் பிடியும் நிறுவனத்தின் கையில்! அடுத்த மாதமே, 70,000-க்கும் அதிகமான டிரைவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுமுறையும் தர ஊபர் முன்வந்தது.

இந்தியாவில்? 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களைக் 'கிக் தொழிலாளர்' என்கிறது. பெயரில் தொழிலாளர் இருக்கிறது. ஆனால் விளக்கத்திலேயே, வழக்கமான முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்று எழுதிவிட்டார்கள். நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதத்தை நல நிதிக்குத் தர வேண்டும். விபத்துக் காப்பீடு போன்றவை அரசு வகுக்கும் திட்டங்கள் வழியே வரும். ஊழியருக்குச் சட்டப்படி சேரும் பி.எஃப் இதில் தானாக வராது.

தமிழ்நாடு அரசும் இவர்களுக்கென 2023-ல் தனி நல வாரியத்தை அறிவித்தது. அங்கே அவர் தொழிலாளர். ஆப்பைத் திறந்தால் மறுபடியும் பார்ட்னர்.