உங்களுக்குத் தெரியுமா? பேச முடியாத நாளுக்காக இன்றே எழுதும் விருப்பம்

நினைவு தப்பிய பிறகு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைப்பதுதான் ‘லிவிங் வில்’. அது நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது, பாருங்கள்!

● வக்கீலின் யோசனை: சிகாகோ வழக்கறிஞர் லூயிஸ் குட்னர் 1969-இல் ஒரு சட்ட இதழில் இதை முன்வைத்தார். அமெரிக்க மாநிலங்களில் முதலில் சட்டம் இயற்றியது கலிஃபோர்னியா, 1976-இல்.

● கேட்டே ஆக வேண்டும்: அரசுக் காப்பீட்டு நிதி பெறும் அமெரிக்க மருத்துவமனைகள், நோயாளியை அனுமதிக்கும்போதே “இப்படி எழுதிவைத்திருக்கிறீர்களா?” என்று கேட்க வேண்டும். 1990-இல் வந்த சட்டம் இது.

● கேட்கவே கூடாது: சிங்கப்பூரில் நேர்மாறு. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் கேள்வியை நோயாளியிடம் மருத்துவர் கேட்கக் கூடாது. யாரும் வற்புறுத்தப்படக் கூடாது என்பதற்கான காப்பு அது. ஆவணத்துக்கு இரண்டு சாட்சிகள் தேவை. ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும்.

● சொன்னால் பலித்துவிடும்: அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர், சொல்லுக்கு நடத்திவைக்கும் சக்தி உண்டு என்று நம்புபவர்கள். “உங்கள் நோய் முற்றினால்...” என்று மருத்துவர் தொடங்குவதே அவர்களுக்குக் கெடுதல். இதை 1995-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. “அச்சானியமாகப் பேசாதே” என்று அதட்டும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

● டைமர் வைத்த வென்டிலேட்டர்: இஸ்ரேலில் யூத மத நெறிப்படி, ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்தக் கூடாது. ஆனால் தானாக நின்றதை மறுபடி ஓட்டாமல் விடலாம். அதற்காகவே, டைமர் பொருத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது.

● காலாவதியும் உண்டு: போர்ச்சுகலில் இந்த ஆவணம் 5 ஆண்டுகள்தான் செல்லும். பிரான்சில் 3 ஆண்டுகளாக இருந்த வரம்பை 2016-இல் நீக்கிவிட்டார்கள். ஜெர்மனியில் வரம்பே கிடையாது.

● பாட்டி தொடங்கிவைத்தது: தென்கொரியாவில் ‘கிம் பாட்டி’ என்று அறியப்பட்டவரின் வென்டிலேட்டரை அகற்ற 2009-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அகற்றிய பிறகு அவர் தாமாகவே மூச்சுவிட்டு ஆறு மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார். அந்த வழக்கு எழுப்பிய விவாதம் 2018-இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது.

● உறவினர் உடனிருக்க: தைவானில் தனியாக எழுதிக் கையெழுத்திட்டால் போதாது. மருத்துவக் குழுவுடனான கலந்தாலோசனையில் நெருங்கிய உறவினர் ஒருவராவது உட்கார வேண்டும். விருப்பம் மருத்துவக் காப்பீட்டு அட்டையிலும் பதிவாகும். 2019 முதல் இதுதான் நடைமுறை.

● பேச ஒரு நாள்: ஜப்பானில் இதற்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் நவம்பர் 30-ஐ, குடும்பத்தோடு இதைப் பேசும் நாளாக அரசு அறிவித்திருக்கிறது.

● நமக்கும் உரிமை உண்டு: கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2018 மார்ச் 9-இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்ற சிக்கலான விதியை 2023-இல் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். சிகிச்சையை நிறுத்தும் முன் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராயும். அவசரப்பட்டு யாரும் முடிவெடுத்துவிட முடியாது.

எழுதியதைப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். முடிவெடுக்க நீங்கள் நியமிப்பவரிடமும் குடும்ப டாக்டரிடமும் ஒரு நகல் கொடுங்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐசியூ வாசலில் “அப்பா என்ன நினைத்திருப்பார்?” என்று அவர்கள் தவிக்க வேண்டியிருக்காது.