காட்டுப்பள்ளித் துறைமுகம்

காட்டுப்பள்ளித் துறைமுகம் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில், வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள ஒரு சரக்குத் துறைமுகம் ஆகும். சென்னை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலும் பழவேற்காடு ஏரிக்குத் தெற்கிலும் இது அமைந்துள்ளது. 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சரக்குப் பெட்டகங்களைக் கையாளத் தொடங்கிய இத்துறைமுகம், 2018 முதல் அதானி குழுமத்தின் உடைமையாக உள்ளது. இதனைப் பலமடங்கு பெரிதாக்க முன்வைக்கப்பட்ட விரிவாக்கத் திட்டமும், அதற்குப் பழவேற்காட்டு மீனவ ஊர்களில் எழுந்த எதிர்ப்புமே இத்துறைமுகத்தைப் பரவலாக அறியச் செய்தன.

இதற்கு அடுத்தாற்போல் தெற்கில் உள்ள காமராசர் துறைமுகம் வேறு, இது வேறு. எண்ணூர்த் துறைமுகம் என்று முன்னர் அழைக்கப்பட்ட காமராசர் துறைமுகம் நடுவண் அரசின் கீழ் வரும் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. காட்டுப்பள்ளியோ மாநில அரசின் ஆளுகைக்கு உட்பட்ட சிறு துறைமுகம். இங்கு 'சிறு' என்பது சட்டப் பிரிவைக் குறிக்குமேயன்றி அளவைக் குறிப்பதன்று. இரண்டும் ஒரே கரையில் அருகருகே இருப்பதால் செய்தித்தாள்களில்கூட இவ்விரண்டும் குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு.

அமைவிடம்

காட்டுப்பள்ளி உண்மையில் ஒரு தீவு ஆகும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காடு ஏரி என நாற்புறமும் நீர் சூழ்ந்த நீண்ட மணல்திட்டு அது. கடலுக்கும் உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் இடையே ஒரு மெல்லிய வரப்புப் போல இது கிடக்கின்றது.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்க்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. தெற்கிலிருந்து ஆரணி ஆறும் வடமேற்கிலிருந்து காளங்கி ஆறும் இதில் நன்னீரைச் சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகின்றது. ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவுதளம் உள்ளது. ஏவுகலம் செலுத்தப்படும் நாட்களில் அப்பகுதிக் கடலுக்குச் செல்ல மீனவர்களுக்குத் தடை விதிக்கப்படும்.

முந்தைய துறைமுகங்கள்

இக்கரைக்குத் துறைமுகம் புதிதன்று. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் வணிகத்தின் தலைமையிடமாக இவ்வூரே விளங்கியது. துணி ஏற்றுமதியே அக்கால முதன்மை வணிகம். கோட்டை அழிந்துவிட்டது; ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் இன்றும் காணக்கிடைக்கின்றது.

தற்காலத்தில் இக்கரையில் முதலில் எழுந்தது எண்ணூர்த் துறைமுகம் ஆகும். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரியை இறக்குவதே அதன் முதல் நோக்கம். 2001-இல் அது செயற்படத் தொடங்கியது. 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றைக் கையாள்வது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011-இல் நிறுத்தப்பட்டதும், அச்சரக்கு எண்ணூரை நோக்கி நகர்ந்தது. சென்னை மக்கள் தாங்க இயலாது என்று கூறிய நிலக்கரித்தூள் வடக்கே இடம்பெயர்ந்தது என்றும் இதைக் கூறலாம்.

உருவாக்கமும் நிருவாகமும்

லார்சன் அன் டூப்ரோ நிறுவனம், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்துடன் (டிட்கோ) இணைந்து, கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகத்தையும் ஒருங்கே காட்டுப்பள்ளியில் அமைத்தது. இதில் 97 விழுக்காடு பங்கு லார்சன் அன் டூப்ரோவிடமும் 3 விழுக்காடு டிட்கோவிடமும் இருந்தன. துறைமுகம் அமைந்த இடத்திலிருந்த காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டன. இடம்பெயர்ந்தோருக்கு வாக்களிக்கப்பட்ட நிரந்தர வேலை கிடைக்கவில்லை என்ற குறை அவ்வூரில் பல ஆண்டுகளாக நீடித்து, பலமுறை போராட்டமாகவும் வெளிப்பட்டது.

சரக்குப் பெட்டக முனையத்தைத் தொடக்கத்தில் பிலிப்பைன்சைச் சேர்ந்த ஐசிடிஎஸ்ஐ நிறுவனம் இயக்கியது. 2015-இன் இறுதியில் இயக்கும் பொறுப்பு அதானி குழுமத்திடம் வந்தது. 2018 சூனில் துறைமுகத்தின் 97 விழுக்காடு பங்குகளை 1,950 கோடி ரூபாய்க்கு அக்குழுமம் வாங்கியது. இவ்வாறு ஐந்தே ஆண்டுகளில் துறைமுகத்தின் தலைமை இருமுறை கைமாறியது. கப்பல் கட்டும் தளம் மட்டும் லார்சன் அன் டூப்ரோவிடமே நீடித்தது. இந்தியக் கடலோரக் காவற்படையின் 'விக்ரம்' சுற்றுக்காவல் கப்பல் இத்தளத்தில் கட்டப்பட்டு 2018-இல் பணியில் சேர்ந்தது. 2022 ஆகத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலான 'சார்லசு ட்ரூ' பழுதுபார்ப்புக்காக இங்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதன்முறை.

சேவைகள்

மொத்தம் 710 மீட்டர் நீளமுள்ள இரு கப்பலணை மேடைகளுடன் இம்முனையம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 12 இலட்சம் பெட்டகங்களைக் கையாளும் திறன் கொண்டதாக இது வடிவமைக்கப்பட்டது. இங்கு 'பெட்டகம்' என்பது இருபது அடி நீளமுள்ள பெட்டியை அலகாகக் கொண்ட கணக்கு ஆகும். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலுள்ள தானுந்து, மின்னணுத் தொழிற்சாலைகளின் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கு இதன் முதன்மை வருவாய்.

இத்துறைமுகம் விரைவாக வளர்ந்ததற்குச் சென்னைத் துறைமுகத்தின் நெரிசல் ஒரு பெருங்காரணம். சென்னைத் துறைமுக வாயிலில் திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை கொள்கல ஊர்திகள் வரிசையில் காத்துக்கிடந்த நிலையில், நகருக்கு வெளியே இருந்த துறைமுகத்தைக் கப்பல் நிறுவனங்கள் விரும்பியது இயல்பே. எண்ணூர்த் துறைமுகப் பகுதியையும் மாமல்லபுரத்தையும் நகருக்குள் புகாமல் இணைக்கும், ஏறத்தாழ 133 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை எல்லைச் சாலைத் திட்டமும் இப்போக்குவரத்தைக் கருத்தில் கொண்டதே ஆகும்.

விரிவாக்கத் திட்டம்

அதானி குழுமம் முன்வைத்த திருத்திய பெருந்திட்டத்தின்படி, துறைமுகத்தின் பரப்பு 133.5 எக்டேரிலிருந்து (ஏறத்தாழ 330 ஏக்கர்) 2,472.85 எக்டேராக (ஏறத்தாழ 6,110 ஏக்கர்) உயரும். சரக்குக் கையாளும் திறன் ஆண்டுக்கு 2.465 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாக உயரும். திட்ட மதிப்பு 53,031 கோடி ரூபாய்.

இவ்வெண்களின் பொருளை ஓர் ஒப்பீட்டால் அறியலாம். சென்னைத் துறைமுகம் 2023-24 நிதியாண்டில் கையாண்ட சரக்கு ஏறத்தாழ 5 கோடி டன். காமராசர் துறைமுகம் கையாண்டது ஏறத்தாழ 4.5 கோடி டன். இதே குழுமத்துக்குச் சொந்தமான குசராத்தின் முந்திரா துறைமுகம் 2024-25 நிதியாண்டில் முதன்முறையாக 20 கோடி டன்னைத் தாண்டியது. காட்டுப்பள்ளிக்குத் திட்டமிடப்பட்ட திறன் இம்மூன்றின் கூட்டுத்தொகையைவிடவும் மிகுதி.

புதிதாகத் தேவைப்படும் இடம் மூன்று வகையானது: அரசு நிலம் 761.8 எக்டேர், தனியார் நிலம் 781.4 எக்டேர், கடலில் மணல் கொட்டி உருவாக்கப்படும் நிலம் 796.15 எக்டேர். கடைசி எண்ணே மீனவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது. விரிவாக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அன்றைய நிலையில் அவர்கள் வலை விரித்துவந்த கரைக்கடலாகும். நிலத்துக்குப் பட்டா உண்டு, இழப்பீடும் உண்டு. கடலுக்குப் பட்டா கிடையாது; ஆகவே அதை இழப்போருக்கு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆவணமும் கிடையாது.

திட்டத்தை ஆதரிப்போர் வேலைவாய்ப்பையும், வட தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு ஆழ்ந்த துறைமுகம் தேவை என்பதையும், ஏரிக்குப் பாதிப்பு நேராதவாறு பொறியியல் ஏற்பாடுகள் செய்யப்படும் என்பதையும் முன்வைத்தனர்.

மணல் நகர்வும் கரையரிப்பும்

எதிர்ப்பின் அறிவியல் அடிப்படை மணல் நகர்வைப் பற்றியது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அலைகள் கரையைச் சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின் குறுகிய காலத்தில் தெற்கு நோக்கியும் செல்கின்றது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் நிகர நகர்வு வடக்கு நோக்கியே ஆகும்.

இப்பாதையில் கடலுக்குள் ஒரு அலைதடுப்புச் சுவர் எழுப்பப்பட்டால், அதன் தென்புறத்தில் மணல் தேங்குகின்றது. வடபுறக் கரைக்கு வரவேண்டிய மணல் வருவதில்லை; ஆனால் அங்கிருந்து அலைகள் எடுத்துச் செல்வது மட்டும் நிற்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் தெற்கே மெரினா கடற்கரை அகன்றதும், வடக்கே இராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டதும் இதனாலேயே. மெரினாவின் பரந்த மணல்வெளியும் வடசென்னையின் கருங்கற் குவியல்களும் ஒரே சுவரின் இருபுற விளைவுகள்.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது நகரமன்று. கடலையும் பழவேற்காடு ஏரியையும் பிரிக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. அதன் மேலேயே பல மீனவ ஊர்கள் அமைந்துள்ளன. அரிப்பு மிகுந்து திட்டு உடைந்தால் ஊர்களுடன் ஏரியின் இயல்பும் மாறும் என்பதே அச்சம். உவர்நீர் ஏரி ஒன்றின் உயிர்ப்பு, கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அளவைப் பொறுத்தது. இறால் கடலில் முட்டையிடுகின்றது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இறால் வரத்துக் குறைகின்றது. பழவேற்காட்டு முகத்துவாரம் அடைபடுவது முன்பிருந்தே உள்ள சிக்கல். துறைமுகத்தால் மட்டும் அது தோன்றியதன்று. ஏற்கனவே நலிந்த முகத்துவாரத்துக்கு அருகில் கடலடியையும் கரையையும் மாற்றியமைப்பது அதனை எவ்வாறு பாதிக்கும் என்பதே கேள்வி.

மீனவ ஊர்கள்

பழவேற்காட்டைச் சுற்றிக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்அவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், கூனங்குப்பம், சாத்தன்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம், சமீலாபாத்து முதலிய ஊர்கள் உள்ளன. சில ஊர்கள் ஏரியையும், சில கடலையும், சில இரண்டையும் நம்பியுள்ளன. கடலோரக் குப்பங்களில் பெரும்பாலோர் பட்டினவர் சமூகத்தினர். ஏரியிலும் கழிமுகத்திலும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் இந்நீர்நிலைகளையே நம்பியுள்ளனர். இறால், மடவை, பழவேற்காட்டுக்குப் பெயர்பெற்ற பச்சை நண்டு ஆகியவை முதன்மை விளைபொருள்கள்.

இவ்வூர்களுக்குத் தனித்த ஆளுகை முறை உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தே தொழில் விதிகளை வகுக்கின்றது. குடும்பத் தலைக்கட்டு அடிப்படையில் உரிமையும் வரியும் கணக்கிடப்படுகின்றன. ஏரியில் 'பாடு' என்னும் முறை வழக்கில் உள்ளது. நல்ல மீன்பிடி இடங்களைப் பாடு உரிமை பெற்ற ஊரார் தங்களுக்குள் முறைவைத்துச் சுழற்சியாகப் பயன்படுத்துவர். ஒருவர் முறை வரும் நாளில் அவர் அவ்விடத்தில் சுத்துவலை கட்டுவார், மறுமுறை வேறொருவர். வளமான இடம் எவர் ஒருவருக்கும் நிலையாகச் சொந்தமாகாமல் தடுப்பது இதன் நோக்கம். உரிமை இல்லாதோரை இம்முறை விலக்குகின்றது என்ற குறைபாடும் உண்டு. இதனால் ஊர்களுக்கிடையே பூசல்கள் எழுந்துள்ளன. எனினும் மீன்பிடி இடம் குறைந்தால் முறை நாட்களும் குறையும் என்பதால், பரப்பில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் இவ்வூர்கள் உடனடியாகக் கணக்கிட்டுவிடுகின்றன.

பொதுமக்கள் கருத்துக்கேட்பு

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இத்தகைய திட்டத்துக்கு இசைவு கோரும்போது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாட்களுக்கு முன்னரே அறிவிப்பு வெளியிட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டத்தை நடத்தும். கூட்டம் வாக்கெடுப்பு அன்று. அங்குக் கூறப்பட்டவை பதிவு செய்யப்பட்டு, இறுதி அறிக்கையில் அவற்றுக்கு விடை அளிக்கப்பட வேண்டும் என்பதே விதி.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கூட்டம் முதலில் 2021 சனவரி 22 அன்று நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. பழவேற்காட்டு ஊர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தன, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் 2023 செப்டம்பர் 5 என நாள் குறிக்கப்பட்டு, அதுவும் நடைபெறாமல் ஒத்திவைக்கப்பட்டது.

அதே ஆண்டு திசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளத்தின்போது மணலியிலிருந்து வெளியேறிய எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் எங்கும் பரவி, படகுகளும் வலைகளும் கரிய பிசுக்கில் மூழ்கின. 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோதும் இக்கரையோரமெங்கும் எண்ணெய் படிந்திருந்தது. இவ்விரு நிகழ்வுகளிலும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குத் தொடர்பில்லை. ஆனால் கழிமுகத்தை ஒட்டிய மீனவர்கள் 2023-இல் எண்ணெயால் பாதிக்கப்பட்டனர்.